மேடை விளக்கில் ‘கியூ’: ‘எடுப்பு’ எனலாமா?

அன்புடையீர், வணக்கம்.

மேடை விளக்குகளைக் கணினியால் இயக்குவது தொடர்பான சொற்பட்டியலில், ‘கியூ’ (cue, ஒளிமாற்றம் புறப்படும் இடம்) என்பதற்கு ‘ஒளிக்குறிப்பு’, ‘சைகை’ ஆகிய இரண்டும் முன்வைக்கப்பட்டுள்ளன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. குறிப்பு என்றால் ஒளியமைப்பாளர் நாடகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவதுதான் நினைவுக்கு வரும். அதற்கே அச்சொல் நமக்குத் தேவைப்படுகிறது. சைகை என்பதோ ஒருவர் இன்னொருவருக்குக் கண்ணாலோ கையாலோ காட்டுவது.

பொருளை முதலில் பார்ப்போம். 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டிஎம்எக்ஸ் 512 என்ற மேடை விளக்குக் கட்டுப்பாட்டு நெறிமுறைப்படி, ஒரே வடத்தில் 512 தடங்களுக்கான மதிப்புகள், தடத்துக்கு 0 முதல் 255 வரை, நொடிக்கு ஏறத்தாழ 44 முறை திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. விளக்குக்கு அந்தந்த நேரத்து மதிப்பு மட்டுமே தெரியும். ‘மூன்று நொடியில் மெல்ல எழு’ என்ற கட்டளை வடத்தில் போவதில்லை. அந்த மூன்று நொடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தடவை இடைமதிப்புகளைக் கணித்து அனுப்புவது கணினியின் வேலை. ஆகவே கியூ என்பது எட்ட வேண்டிய மதிப்புகள், எட்டுவதற்கான கால அளவு, வரிசையில் அதன் இடம் ஆகியவை சேர்ந்த ஒன்று. மதிப்புகளின் தொகுப்பை மட்டும் சொல்ல ‘ஒளிநிலை’ இருக்கிறது; அதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. அந்த நிலையை நோக்கிப் புறப்படும் இடத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

அதற்கு ‘எடுப்பு’ என்பதை முன்மொழிகிறேன். தாளச் சுற்றில் பாட்டு புறப்படும் இடத்தை இசைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். தாளத்தோடு சேர்ந்து எடுத்தால் சமம், முந்தி எடுத்தால் அதீதம், பிந்தி எடுத்தால் அனாகதம். கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கூத்தை அரங்கத்துக்குள் நடத்தும்போது இந்த வேறுபாடு கண்ணெதிரே தெரியும். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி முடித்து, மத்தளம் உச்சத்தைத் தொடும்போது திரை விலகுகிறது. விலகிய பிறகு மூன்று நொடி ஏற்றத்தைத் தொடங்கினால், கிரீடமும் புஜக்கட்டையும் முதல் சுழற்சியில் இருட்டிலேயே போய்விடும். கடைசி அடி பாடப்படும்போதே தொடங்க வேண்டும். அது அதீத எடுப்பு. இத்தகைய நுட்பத்தைக் ‘குறிப்பு’ எப்படித் தாங்கும்? தில்லையில் சேக்கிழாருக்கு இறைவன் அடியெடுத்துக் கொடுத்த கதையைக் கேட்டு வளர்ந்த எங்கள் மாவட்டத்தாருக்கு, ‘எடுத்துக் கொடுத்தல்’ நடிகருக்கான கியூவுக்கும் தானாகவே பொருந்திவிடும்.

கலைச்சொல் கணினித் திரையிலுள்ள பொத்தானுக்குள்ளும் அடங்க வேண்டும் என்பதால், இதன் குறுக்கம் கூடுதல் நன்மை. எடுப்பு எண், எடுப்புப் பட்டியல் என்று தடையின்றி விரியும். முந்தைய எடுப்பு முடிந்ததும் ஆள் தொடாமலே புறப்படுவதைத் ‘தொடரெடுப்பு’ எனலாம்.

பல்லவிக்கும் எடுப்பு என்ற பெயர் உண்டு, குழப்பம் வரும் என்று நண்பர் ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். விளக்குப் பலகையின் முன் அமர்ந்தவர் பல்லவியைத் தேடமாட்டார். (எடுப்புச் சாப்பாடு நினைவுக்கு வருகிறது என்று இன்னொருவர் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை.) நான் பெரிதாகக் கருதும் இடர் வேறு. மேடையில் ‘லைட்டை எடு’ என்றால் அணைத்துவிடு என்றோ, விளக்கையே கழற்றிக்கொண்டு போ என்றோதான் பொருள். எனவே ‘எடுப்பு 14’ என்று சொல்லிவிட்டு ‘எடு’ என்று கட்டளையிடுவது ஆபத்து; ஒளி எழ வேண்டிய நேரத்தில் மேடை இருண்டு போகலாம்.

புதுச்சேரி அரங்குகளில் ஒளிப்பணியாளர்கள் ‘லைட் கொடு’ என்பதையே பேசிப் பழகியிருக்கிறார்கள். கட்டளைக்கு ‘கொடு’ என்பதையே வைத்துக்கொள்வோம்: “எடுப்பு 14, தயார், கொடு.” மென்பொருளில் எடுப்பைத் தொடங்கிவைக்கும் பச்சைப் பொத்தானின் மேலும் ‘கொடு’ என்றே எழுதலாம். எடுப்பு என்பது பெயர்ச்சொல்லாக மட்டும் பட்டியலில் ஏறட்டும். ‘எடு’ என்ற வினை எந்தப் பொத்தானிலும் வர வேண்டாம்.

‘எடுப்பு’, ‘கொடு’ இரண்டையும் சேர்த்தே ஏற்பதா, எடுப்பை மட்டும் ஏற்பதா என்பதை உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.