கர்நூலில் நிற்கிறேன், மதுரைக்கு இன்னும் 800 கிலோமீட்டர். இந்தச் செயின் தாங்குமா?

வைகைக்கரை ரைடர் (சனி, இரவு)

27 நாள், 8,400 கிலோமீட்டர். லே, ஹான்லே எல்லாம் பார்த்துவிட்டு 44-ஆம் நம்பர் ரோட்டைப் பிடித்து இறங்கிக்கொண்டிருக்கிறேன். வண்டி 150 சிசிதான். ஆதிலாபாத் தாண்டியதிலிருந்து பின்னால் கடக் கடக் என்று சத்தம். லாட்ஜ் வாசலில் நிறுத்திப் பார்த்தால் செயினை இறுக்கும் அட்ஜஸ்டர் கடைசிக் கோட்டில் நிற்கிறது, இனி இழுக்க இடமில்லை. சக்கரத்தை உருட்டினால் ஒரு இடத்தில் செயின் விறைப்பாக இருக்கிறது, அரைச் சுற்று தள்ளித் தொட்டில் மாதிரி தொங்குகிறது. செயின் ஓடும் பல்சக்கரத்தின் (ஸ்ப்ராக்கெட்) பற்கள் அரிவாள் மூக்கு போல ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன.

தப்பு என்னுடையதுதான். லடாக் மண்ணைத் துடைக்காமல் தினமும் அதன் மேலேயே ஆயில் ஊற்றினேன்.

இங்கே ஒரு மெக்கானிக், "ரெண்டு கண்ணி வெட்டிப் போட்டால் ஊர் போய்ச் சேரலாம்" என்கிறார். திங்கட்கிழமை ஊரில் என் கடையைத் திறந்தாக வேண்டும். விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி ஒரே மூச்சில் போய்விடலாமா?

ஸ்பேனர் சித்தப்பா

தம்பி, பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைக்கோடியில் செயினை விரலால் பின்பக்கம் இழுத்துப் பாருங்கள். பாதிப் பல் வெளியே தெரிந்தால் கதை முடிந்தது. கண்ணி வெட்டினால் மொத்த நீளம்தான் குறையும். தேய்ந்து ஒவ்வொரு கண்ணிக்கும் இடையே கூடிப்போன தூரம் அப்படியேதான் இருக்கும், பல்லில் உட்காராமல் ஏறிக் குதிக்கும். அறுந்து முன்பக்கம் சுருண்டால் இஞ்சின் கேஸ் உடையலாம், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். செயின், முன் பல், பின் பல் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

தர்மபுரிக்காரன்

செயினை மாற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கிளம்பினால் தொப்பூர் கணவாய் வரும்போது இருட்டிவிடும். சேலம் பக்கம் போகிறவர்களுக்கு அது இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் வரும் லாரிகளை நான் பார்த்திருக்கிறேன். 27 நாள் அலுப்போடு ராத்திரியில் அங்கே இறங்காதீர்கள். கிருஷ்ணகிரியிலேயே படுத்துவிடுங்கள்.

ஊர்சுற்றி

கடை ஒரு நாள் பூட்டியிருந்தால் வாடிக்கையாளர் கோவித்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் கோவித்துக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி 😄

வைகைக்கரை ரைடர் (ஞாயிறு, இரவு)

சித்தப்பா சொன்னபடி இழுத்துப் பார்த்தேன், பாதிக்கு மேலேயே பல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடையைத் திறக்க வைப்பதற்குள் பதினோரு மணி ஆகிவிட்டது. பழைய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார் கடைக்காரர். பழையது ரெண்டு விரல்கடை கீழே இறங்கி நின்றது. மூன்றையும் மாற்றியாயிற்று.

கிருஷ்ணகிரி வந்து சேர்ந்தபோது மணி எட்டு. ஓசூர் தாண்டியதும் கடைப் பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தேன், ஹெல்மெட்டுக்குள் யாருக்குக் கேட்கப்போகிறது? பரோட்டாவுக்குச் சால்னா ஊற்றினவர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு, "மதுரையா? இன்னைக்கே போயிடலாமே அண்ணே" என்றார். நாளைக்குத்தான் என்றேன். கடை விஷயத்தை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பழைய செயினை எடைக்குப் போட மனசில்லை, பையில் கிடக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்தால் அந்த லடாக் மண் போகுமா, சித்தப்பா?