கார்த்திக்கு லீவுல படிக்க ஒரு புத்தகம் (நம்ம வீட்டு குரூப்)

கார்த்தி: செமஸ்டர் முடிஞ்சுதுங்க. எஃப்ஒன் (ஃபார்முலா ஒன் கார் ரேஸ்) டிரைவர் யாராவது தன் கதைய எழுதின புக் இருந்தா சொல்லுங்க மாமா. பாதியில தூக்கம் வரக் கூடாது 😅

செந்தில்: ஜாக்கி ஸ்டீவர்ட் எழுதினது. வின்னிங் இஸ் நாட் இனஃப். 2007ல வந்துச்சு. என் அலமாரியிலயே இருக்கு.

கார்த்தி: அவர் ரொம்பப் பழைய ஆளாச்சே மாமா. ஷூமாக்கர், செனா யாரும் இல்லையா

செந்தில்: 99 ரேஸ், அதுல 27 ஜெயிச்சவர். 1969, 71, 73 மூணு வருஷமும் சாம்பியன். பழைய ஆளாம்!

சரோஜா: எந்த ஊர்க்காரரு தம்பி?

செந்தில்: ஸ்காட்லாந்துக்கா. கிளாஸ்கோ பக்கம் டம்பார்ட்டன். அப்பா கராஜ் வெச்சிருந்தார். இவர் முதல்ல துப்பாக்கி சுடுறவரு, 1960 ஒலிம்பிக் டீம்ல மயிரிழையில தவறிப் போச்சு. காருக்கு வந்தது அப்புறந்தான்.

தாத்தா: கேஸ் புக் பண்ணியாச்சா யாராவது

பிரியா: பண்ணிட்டேன் தாத்தா, நாளைக்கு வந்துரும்.

செந்தில்: கார்த்தி, 1966 பெல்ஜியம் ரேஸ் வர்ற இடத்த மட்டும் முதல்ல படி. ஸ்பா ட்ராக், அப்ப ஒரு ரவுண்டே 14 கிலோமீட்டர். கிளம்பின இடம் காஞ்சு கெடக்கு, அந்தப் பக்கம் கொட்டுற மழை. முதல் ரவுண்டுலயே வண்டி வண்டியா வழுக்கிப் போகுது. இவரு மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல போய்ட்டிருக்காரு. தந்திக் கம்பத்துல அடிச்சு, குடிசையில அடிச்சு, ஒரு பண்ணை வீட்டுக்குள்ள போய் நின்னுச்சு வண்டி.

சரோஜா: அய்யோ

செந்தில்: உயிர் இருக்கு. ஆனா ஸ்டியரிங் காலை அமுக்கிடுச்சு, பெட்ரோல் மேல ஊத்திட்டே இருக்கு. ஒரு பொறி பட்டா முடிஞ்சுது. வெளிய தூக்கி விட மார்ஷல் (ட்ராக் ஓரம் உதவிக்கு நிக்கிற ஆளு) கிடையாது, டாக்டர் கிடையாது. பக்கத்துல வண்டி வழுக்கி நின்ன மத்த டிரைவருங்க கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் ஓடி வந்தாங்க. ஸ்டியரிங்கைக் கழட்டணும், ஸ்பேனர் இல்ல. வேடிக்கை பாக்க வந்தவர் கார்ல கடன் வாங்கிக் கழட்டியிருக்காங்க. 25 நிமிஷம்!

கார்த்தி: மாமா சீரியஸா??

செந்தில்: இன்னும் கேளு. பெட்ரோல் தோலை எரிக்குதுன்னு ஹில் இவரோட துணிய எல்லாம் கழட்டிப் படுக்க வெச்சிருக்கார். அந்த நேரம் பாத்து கன்னியாஸ்திரீங்க வந்துட்டாங்களாம். அவங்க போத்தி விட, ஹில் திரும்பக் கழட்ட 😂 ஃபர்ஸ்ட் எய்ட் ரூம்ல போட்ட தரையில சிகரெட் துண்டா கெடந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஆம்புலன்ஸ் வழி தவறிருச்சு.

பிரியா: கவுண்டமணி காமெடி மாதிரில்ல இருக்கு.

செந்தில்: அங்கதான் மனுஷன் மாறுறாரு. அடுத்த ரேஸ்ல இருந்து வண்டிக்குள்ள ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டி வெச்சுக்கிட்டாரு. சீட் பெல்ட், தடுப்புக் கம்பி, டாக்டர்னு எல்லார்கிட்டயும் சண்டை. 1969ல ஸ்பாவுக்கே போகலன்னாங்க டிரைவர்ங்க. பத்திரிகைக்காரங்க பயந்தாங்கொள்ளின்னு எழுதுனாங்க. அந்தப் பயந்தாங்கொள்ளி 1968ல ஜெர்மனியில, மணிக்கட்டு முறிஞ்ச கையோட, மூடுபனியில, மழையில, ரெண்டாவது ஆளை 4 நிமிஷம் பின்னால விட்டு ஜெயிச்சவரு.

கார்த்தி: 4 நிமிஷமா!! இப்பல்லாம் 4 செகண்டே பெருசு

சரோஜா: கார்த்தி, ஹெல்மெட்டைக் கண்ணாடியில மாட்டிட்டு காந்திபுரம் போற ஆளு நீ, இத நல்லாப் படி.

கார்த்தி: அத்தை ஆரம்பிச்சாச்சு 🙏

பிரியா: மாமா, அவருக்குப் படிக்கவே வராதுன்னு எங்கயோ பாத்தேனே, அவர் தானுங்களா?

செந்தில்: அவரேதான் கண்ணு. டிஸ்லெக்ஸியா. பள்ளிக்கூடத்துல எழுந்து நின்னு வாசின்னா எழுத்தெல்லாம் கலங்கிரும். மக்குன்னு முத்திரை குத்தி, 15 வயசுல நின்னுட்டாரு. பையனைப் பரிசோதிக்கப் போன இடத்துல இவருக்கும் அதான்னு தெரிஞ்சது 1980ல. அப்ப வயசு 41, மூணு தடவை உலக சாம்பியன்! அல்ஃபபெட்டை வரிசையாச் சொல்ல வராது, ஆனா ஜெர்மனி நூர்பர்க்ரிங் ட்ராக்ல 22 கிலோமீட்டருக்கு எந்த வளைவுல எந்த கியர்னு மனப்பாடம்.

பிரியா: எங்க கிளாஸ்ல அப்படி ரெண்டு பசங்க இருக்காங்க. அந்த அத்தியாயத்தை நான் படிக்கணும் மாமா.

கார்த்தி: குறையே இல்லையா புக்ல

செந்தில்: இருக்கு. குண்டுப் புத்தகம். ரேஸ் முடிஞ்ச பிறகு ராஜ குடும்பத்து நட்பு, பெரிய கம்பெனி முதலாளிங்க, எந்த வாட்ச்சுக்கு விளம்பரம்னு ஓடும். அங்க வேகமாப் பொரட்டிரு. ஆனா 1973 அமெரிக்க ரேஸ், வாட்கின்ஸ் க்ளென் ட்ராக் வர்ற பக்கத்தை விட்றாத. அதான் தன்னோட 100வது, கடைசி ரேஸ்னு மனசுல முடிவு பண்ணி வெச்சிருக்காரு. பொண்டாட்டி ஹெலனுக்குக் கூடச் சொல்லல. டீம்ல கூட ஓட்டின ஃபிரான்சுவா செவேர், பிரெஞ்சுப் பையன், தம்பி மாதிரி. அடுத்த வருஷம் நீதான் நம்பர் ஒன்னுன்னு அவனுக்கும் தெரியாது. ரேஸுக்கு முந்தின நாள் ப்ராக்டிஸ்ல வண்டி மோதி செவேர் செத்துப் போய்ட்டான். அவங்க டிரெல் டீமே வண்டிய எடுத்துட்டு வெளிய வந்துருச்சு. அதான் 99.

சரோஜா: கடைசி வரைக்கும் அந்தப் பையனுக்குத் தெரியாமயே போச்சா

செந்தில்: ஆமாங்க்கா.

கார்த்தி: மாமா, இங்கிலீஷ் கஷ்டமா இருக்குமா

செந்தில்: இல்லடா, பேசற மாதிரிதான் இருக்கும். ஞாயித்துக்கிழமை வர்றப்ப எடுத்துட்டு வர்றேன்.

பிரியா: முதல்ல எனக்கு. ஸ்கூல் திறக்கறதுக்குள்ள முடிச்சுருவேன்.

கார்த்தி: அக்கா நான்தான் முதல்ல கேட்டேன் 😡

சரோஜா: சண்டை போடாதீங்க, ஞாயித்துக்கிழமை மதியம் பிரியாணி. தம்பி, சிக்கன் வாங்கிட்டு வந்துரு, புத்தகத்தோட அதையும் மறந்துறாத.

தாத்தா: எனக்கு மட்டன்