34 விமானங்களை வீழ்த்தியவருக்கு இல்லாத விக்டோரியா கிராஸ் நிக்கல்சனுக்கு மட்டும் எப்படி?

வான்பித்தன் கேட்டது:

இரண்டாம் உலகப் போர் விமானிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஜானி ஜான்சன் 34 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியவர். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த சேலர் மலான் 27. டக்ளஸ் பாடர் இரண்டு காலையும் இழந்த பிறகு போரில் பறந்தவர். இவர்கள் யாருக்கும் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுக்கவில்லை. போர் முழுக்க, பிரிட்டிஷ் விமானப்படையின் போர் விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டில் அதை வாங்கிய ஒரே விமானி ஜேம்ஸ் நிக்கல்சன், அதுவும் ஒரே ஒரு சண்டைக்காக. அன்று அப்படி என்னதான் நடந்தது? மற்றவர்களுக்கு ஏன் கொடுக்கவில்லை? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையரன்வே எழுதியது:

1940 ஆகஸ்ட் 16. நிக்கல்சனுக்கு 23 வயது, 249ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவில் ஃப்ளைட் லெஃப்டினன்ட். பாஸ்கம் டவுன் தளத்திலிருந்து கிளம்பி சவுத்தாம்டன் பக்கம் பறக்கும்போது எதிரி பின்னாலிருந்து வந்து அடித்துவிட்டான். நான்கு பீரங்கிக் குண்டுகள். ஒன்றில் காக்பிட் கண்ணாடி சிதறி இமை கிழிந்து ஒரு கண்ணை ரத்தம் மறைத்தது, இன்னொன்று பாதத்தில் காயம் செய்தது, இன்னொன்று பெட்ரோல் டாங்கைத் துளைத்துத் தீப்பற்ற வைத்தது.

இந்த டாங்க் விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் மீதி புரியும். அவர் ஓட்டிய ஹரிக்கேன் போர் விமானத்தில் இறக்கை டாங்குகள் போக, இன்ஜினுக்கும் விமானிக்கும் நடுவில் 28 காலன் பிடிக்கிற ரிசர்வ் டாங்க் ஒன்று உண்டு. அது பற்றிக்கொண்டால் தீ நேராக விமானியின் மடிக்கும் முகத்துக்கும்தான் வரும். அந்தக் கோடையில் முகமும் கையும் வெந்துபோன ஹரிக்கேன் விமானிகள் அத்தனை பேர் இருந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

அவரும் குதிக்கத்தான் எழுந்தார், பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. அப்போது ஒரு ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 110 விமானம் அவருக்கு முன்னால் வந்து மாட்டியது. திரும்ப அந்த நெருப்புக்குள்ளேயே உட்கார்ந்து, கையில் தோல் கொப்பளித்து உரிகிறதைப் பார்த்துக்கொண்டே, த்ராட்டிலை விடாமல் துரத்திச் சுட்டிருக்கிறார். அப்புறம்தான் குதித்தார். பாராசூட்டில் இறங்கும்போது எதிரி என்று நினைத்துக் கீழே இருந்த ஹோம் கார்டு என்ற உள்ளூர்த் தற்காப்புப் படை ஆட்கள் வேறு சுட்டார்கள்! அதே சண்டையில் அவருடைய பிரிவிலிருந்து குதித்த இளம் விமானி மார்ட்டின் கிங் பிழைக்கவில்லை, அவருடைய பாராசூட் சுருங்கிப் போனது.

அந்த எதிரி விமானம் விழுந்ததா என்று இன்றும் வாதம் உண்டு. ஆனால் விருது விழுந்த விமானத்துக்காகத் தரப்பட்டது இல்லை, தீப்பிடித்த இருக்கைக்குத் திரும்பிப் போனதற்காகத் தரப்பட்டது.

கோப்புக்கட்டு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு என்னால் முடிந்த பதில். விக்டோரியா கிராஸுக்குப் பார்த்த சாட்சிகள் வேண்டும். குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் கூட இருப்பார்கள், பைலட் என்ன செய்தார் என்று உயிரோடு திரும்பியவர் சொல்லலாம். ஹரிக்கேனிலோ ஸ்பிட்ஃபயரிலோ ஆள் தனி. உச்சக்கட்டத் துணிச்சலைக் காட்டிய பலர் திரும்பவே இல்லை, அவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் என்று சொல்ல ஆளும் இல்லை. நிக்கல்சன் பிழைத்தார், கரைக்கு மேலேயே சண்டை நடந்ததால் கீழிருந்தும் பார்த்தார்கள்.

எண்ணிக்கைக்கு வேறு விருதுகள் இருந்தன. ஜான்சனுக்கு, விக்டோரியா கிராஸுக்குக் கீழ்ப்பட்ட வீர விருதுகளான டி.எஸ்.ஓ. மூன்று முறை, டி.எஃப்.சி. இரண்டு முறை.

பழையரன்வே எழுதியது:

சாட்சி வாதத்தை நான் பாதிதான் ஏற்பேன். முதல் உலகப் போரில் ஆல்பர்ட் பால், மெக்கடன், மேனக் மூவருக்கும் தொடர்ந்து பல மாதம் போரிட்டதற்காகவே விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள், அவர்களும் தனியாகப் பறந்தவர்கள்தான். இரண்டாம் போரிலேயே 1944இல் லெனர்ட் செஷயருக்கு ஒரு குறிப்பிட்ட நாள் சாகசத்துக்காக இல்லாமல், நூறு தடவை குண்டுவீசப் போய் வந்த மொத்தத் துணிவுக்குத்தான் தந்தார்கள். அந்த அளவுகோலைப் போர் விமானிகளுக்கும் வைத்திருந்தால் மலானுக்கு நிச்சயம் கிடைத்திருக்க வேண்டும், பேட் பேட்டிலுக்கும்தான். கிரேக்கத்தில் தேய்ந்துபோன விமானங்களோடு கடைசிவரை போராடி 1941 ஏப்ரலில் இறந்த மனிதருக்கு இரண்டு டி.எஃப்.சி.யோடு நிறுத்திக்கொண்டது அநியாயம். இதில் எனக்கு உண்மையிலேயே கோபம் உண்டு.

கிராஞ்சிக்காரன் எழுதியது:

எல்லாரும் ஆகஸ்ட் 16ஓடு நிக்கல்சனை விட்டுவிடுகிறீர்கள், எனக்கு அதுதான் வருத்தம். அன்று பிழைப்பாரா என்றே டாக்டர்களுக்குச் சந்தேகம். மாதக்கணக்கில் சிகிச்சை. நவம்பரில் விருது அறிவித்த பிறகும் அதை அணியத் தயங்கியிருக்கிறார், கூடப் பறந்தவர்களும் அதே வேலையைத்தானே செய்தார்கள் என்ற கூச்சம். கைகள் முன்போல ஆகவில்லை. தாராளமாக மேசை வேலையோடு போரை முடித்திருக்கலாம்.

அவர் 1942இல் இந்தியாவுக்கு வந்தார். 1943 ஆகஸ்டிலிருந்து ஒரு வருடம் 27ஆவது ஸ்குவாட்ரனுக்குத் தலைமை, யானைச் சின்னம் போட்ட ஸ்குவாட்ரன் அது. வங்காளப் பக்கத் தளங்களிலிருந்து பர்மாவுக்குள் தாழப் பறந்து ஜப்பானியர்களின் ரயில்களையும் ஆற்றுப் படகுகளையும் அடிப்பதுதான் வேலை. பியூஃபைட்டர், மஸ்கிட்டோ என்ற இரண்டு வகை இரட்டை இன்ஜின் விமானங்களும் வைத்திருந்தார்கள். மஸ்கிட்டோ மரத்தால் ஒட்டிச் செய்த விமானம், நம் மழைக்கும் வெயிலுக்கும் அந்த ஒட்டு என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கேதான் அவருக்கு டி.எஃப்.சி. கிடைத்தது. நெருப்பில் வெந்த மனிதன் எரிந்தால் பொசுங்கிப் போகும் மர விமானத்தில் ஏறியது எனக்கு அந்தச் சில நிமிடத் துணிச்சலைவிடப் பெரிதாகப் படுகிறது.

1945 மே 2ஆம் தேதி, 355ஆவது ஸ்குவாட்ரனின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்றில் பார்வையாளராக ஏறினார். போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ரங்கூனுக்குப் போகும் வழியில் இன்ஜின் தீப்பிடித்து விமானம் வங்காள விரிகுடாவில் விழுந்தது. இரண்டு பேர் மட்டும் பிழைத்தார்கள். அவர் உடல் கிடைக்கவில்லை. 28 வயது முடிந்து மூன்று நாள். ஐரோப்பாவில் போர் முடிய ஒரு வாரம்கூட இல்லை. சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், கல்லறை இல்லாதவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அதே சுவர்களில் இந்தியப் படையினரின் பெயர்களும் உண்டு, போகிறவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

வான்பித்தன் எழுதியது:

நன்றி. பர்மா கதை எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அந்தப் பதக்கம் இப்போது எங்கே இருக்கிறது? குடும்பத்திடமா?

கோப்புக்கட்டு எழுதியது:

குடும்பத்திடம் இல்லை. 1983இல் அவருடைய மனைவி மியூரியல் பதக்கங்களை ஏலத்துக்கு விட்டார், போரில் கணவனை இழந்தவர்களுக்குக் கொடுத்த பென்ஷன் போதவில்லை என்பதை ஊரறியச் சொல்ல. பிரிட்டிஷ் அரச விமானப்படையின் அருங்காட்சியகம் 1,10,000 பவுண்டுக்கு வாங்கியது, அன்றைக்கு அது சாதனை விலை. லண்டன் ஹெண்டனில் இருக்கும் அருங்காட்சியகம்தான். 1973க்கு முன்னால் நடந்த போர்களின் விதவைகளுக்குக் குறைந்த பென்ஷன், பின்னால் வந்தவர்களுக்கு அதிகம் என்ற பாகுபாடு 1989 வரை சரியாகவில்லை.