மியூசிக் சாஃப்ட்வேர் அப்டேட் எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை வரணும்? உங்களுக்கு நடந்தத சொல்லுங்க

வடபழனி_ரெக்கார்டிஸ்ட்

ரொம்ப நாளா மனச அரிச்சுக்கிட்டே இருக்கு, எழுதிடறேன். ஒரு பக்தி ஆல்பம், நாதஸ்வரம் லைவாத்தான் எடுக்கணும்னு மியூசிக் டைரக்டர் பிடிவாதமா இருந்தாரு, கும்பகோணம் பக்கத்துலேர்ந்து வித்வான வரவழைச்சாச்சு, அவருக்கு மறுநாள் ஊர்ல முகூர்த்தம், அன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறணும். காலைல சிஸ்டத்த ஆன் பண்ணா சாஃப்ட்வேர் தானாவே புது வெர்ஷனுக்கு போயிருக்கு. பெரிய வெர்ஷன் கூட இல்ல, ரெண்டாவது புள்ளிக்கு அப்புறம் இருக்கற நம்பர்தான் மாறியிருக்கு. ஓப்பன் ஆனதும் எல்லா பிளக்-இன்னையும் (சாஃப்ட்வேருக்குள்ள தனியா சேர்த்துக்கற எஃபெக்ட், வாத்தியம் எல்லாம்) முதல்லேர்ந்து ஸ்கேன் பண்ண ஆரம்பிச்சிடுச்சு, அந்த பார் நகர்ற லட்சணம் உங்களுக்கே தெரியும், ஒரு பழைய சின்த் பேரு கிட்ட வந்து அப்படியே நின்னுடுச்சு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சீவாளிய வாயில வெச்சு ஈரம் பண்ணிக்கிட்டே உக்காந்திருக்காரு. அது காஞ்சா ஊதறதுக்கு ஆகாது, அதனால வைக்கறதும் எடுக்கறதுமா இருக்காரு. தவில்காரர் விரல்ல கூடு மாட்டி முடிச்சிட்டு என்னையே பாக்கறாரு. நான் டாக்பேக்ல "அண்ணே ஒரு அஞ்சு நிமிஷம்"னு சொல்றேன், கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி அதையே சொல்றேன்.

ஒருவழியா உள்ள போனா பஃபர் சைஸ், இன்புட் ரூட்டிங்னு நான் வெச்சிருந்த ஆடியோ செட்டிங்ஸ் எல்லாம் டீஃபால்ட்டுக்கு போயிருக்கு. முதல் டேக்ல நாலு பிடி ஊதிட்டு ஹெட்ஃபோன கழட்டிட்டாரு. "தம்பி, எனக்குப் பின்னாடியே இன்னொருத்தர் நின்னு ஊதற மாதிரி இருக்கு"ன்னாரு. லேட்டன்சி, அதாவது ஊதினது ஹெட்ஃபோனுக்கு வந்து சேர்ற தாமதம், அவருக்கு அப்படி கேட்டிருக்கு. சரி பண்ணி எடுத்தோம், ஆனா காலைல வாசல்ல நின்னு சும்மா ஊதிப் பாத்தாரு பாருங்க, அந்த தெம்பு மைக்குல வரல.

மாசம் ஒண்ணுன்னு விட்டுக்கிட்டே இருக்காங்க, ரிலீஸ் நோட்ஸ் படிச்சா பாதி நான் தொடவே தொடாத விஷயம். வருஷத்துக்கு ரெண்டு போதும்ங்கறது என் கருத்து. உங்களுக்கு என்ன நடந்துச்சு?

நாகர்கோவில்_கீஸ்

எனக்கு நடந்தது நேர் எதிர். போன டிசம்பர், எங்க சர்ச் கொயருக்கு கிறிஸ்மஸ் டிராக் பண்ணிட்டு இருக்கேன். லூப் ரெக்கார்டிங்ல, லூப் முடியற இடத்துல நான் சஸ்டெயின் பெடல விட்டது மட்டும் பதிவாகாம போயிடுது, அதனால அடுத்த ரவுண்டு முழுக்க பேட்ங்கற அந்த நீளமான கீபோர்டு சத்தம் நிக்காம இழுத்துக்கிட்டே கிடக்கு. ரிகர்சல்ல பிள்ளைங்க பாட்ட முடிச்சு வாய மூடியாச்சு, கடைசி கார்டு மட்டும் ஹால் முழுக்க ஓடுது, ஆல்ட்டோ பாடற ஒரு அக்கா திரும்பி என்னைய பாக்காங்க, நான் கீபோர்டு மேல கையே வைக்கல! சாஃப்ட்வேர்காரங்களுக்கு எழுதிப் போட்டேன். சின்ன டீம்தான். அடுத்த பில்டுலயே, அதாவது அடுத்த அப்டேட்டுலயே, சரியாயிடுச்சு, கிறிஸ்மஸுக்கு முன்னாடியே கைக்கு வந்துச்சு.

நீங்க சொல்ற மாதிரி வருஷத்துக்கு ரெண்டுதான்னா எனக்கு அது ஈஸ்டருக்குத்தான் வந்திருக்கும். அடிக்கடி வர்றது குத்தமே இல்ல. நீங்க சொன்னத படிச்சா உங்க பிரச்சனை எத்தனை தடவை வருதுங்கறது இல்ல, கேக்காம தானா ஏறிக்கிச்சே, அதுதான். ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பாதீங்க. ரீப்பர்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இருக்கே, அத பாருங்க, அது எப்ப பாத்தாலும் ஒரு புது பில்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கும், ஆனா இன்ஸ்டாலர் ஒரு பாட்டோட வேவ் ஃபைல் அளவு கூட கிடையாது, போர்ட்டபிளா இன்னொரு ஃபோல்டர்ல போட்டு பாத்துட்டு பிடிக்கலன்னா பழசுக்கே போயிடலாம். 60 டாலர் லைசன்ஸுக்கு ரெண்டு பெரிய வெர்ஷன் வரைக்கும் ஓடும்.

சாலிகிராமம்_மாஸ்டரிங்

என் கதை சின்னது. ஒரு குறும்படத்துக்கு ஃபைனல் மிக்ஸ், கம்போஸர் பெங்களூர்லேர்ந்து செஷன் (பாட்டோட புராஜெக்ட் ஃபைல்) அனுப்பினாரு, நடுராத்திரி ஓப்பன் பண்ணா "இது புதிய வெர்ஷனில் சேமிக்கப்பட்டது"ன்னு ஒரே ஒரு வரி, அதுக்கு கீழ ஓகே பட்டன் மட்டும். கேன்சல் கூட இல்ல. அந்தப் பட்டன ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன், த்ரெட் போட்டவரும் இனிமே வர்றவங்களும் இத குறிச்சு வெச்சுக்கோங்க. ஒரு புராஜெக்ட் ஓடிட்டு இருக்கும்போது எதையும் ஏத்தக் கூடாது, பாட்டு கைய விட்டு போனதுக்கு அப்புறம்தான். ஸ்டுடியோ மெஷின்ல ஆட்டோ அப்டேட் ஆஃப்ல இருக்கணும், முடிஞ்சா நெட் கேபிளே இல்லாம இருக்கணும். பழைய இன்ஸ்டாலர எப்பவும் தனி ஹார்டு டிஸ்க்ல வெச்சுக்கோங்க, கம்பெனி சைட்ல எப்பவும் இருக்கும்னு நம்பாதீங்க. ஒவ்வொரு செஷன் முடிஞ்சதும் எல்லா டிராக்கையும் பூஜ்ஜியத்துலேர்ந்து ஆரம்பிக்கற மாதிரி வேவா எடுத்து வைங்க, டெம்போவ ஃபைல் பேர்லயே எழுதுங்க, மிடி ஃபைலையும் (எந்த நோட்டு எப்ப வாசிச்சதுங்கற பதிவு) கூட வைங்க, ஏன்னா பத்து வருஷம் கழிச்சு வேவ் ஓப்பன் ஆகும், செஷன் ஆகுமான்னு சொல்ல முடியாது. எபிள்டன் லைவ்ங்கற மியூசிக் சாஃப்ட்வேர்ல 12ல சேவ் பண்ணத 11ல திறக்க முடியாது, இது எல்லாருக்கும் தெரிஞ்சும் ஒண்ணா வேலை செய்யறவங்க வெர்ஷன பேசிக்கறதே இல்ல, அட்வான்ஸ் பேசும்போதே வெர்ஷனையும் பேசுங்க. கான்டாக்ட்ங்கற சாம்ப்ளர் பிளக்-இன்னோட லைப்ரரியும் அப்படித்தான், புதுசுல சேவ் பண்ணா பழசு எடுக்காது.

அப்புறம் முக்கியமா ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரோட ஆபரேட்டிங் சிஸ்டம். 2019 அக்டோபர்ல மேக்ஓஎஸ் காட்டலினா வந்தப்ப பழைய 32 பிட் சாஃப்ட்வேர் ஓடற வசதியையே தூக்கிட்டாங்க, பிளக்-இன் கம்பெனிங்க பல பேரு இப்ப ஏத்தாதீங்கன்னு மெயில் மேல மெயில் போட்டாங்க, அப்பயும் ஏத்தினவங்க எத்தனையோ பேரு. அப்டேட் பண்ற வரிசைல ஓஎஸ் கடைசி, பிளக்-இன் அதுக்கு முன்னாடி, டிரைவர் அதுக்கும் முன்னாடி. இந்த வரிசைய மாத்தாதீங்க.

வடபழனி_ரெக்கார்டிஸ்ட்

@சாலிகிராமம் அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை, ஆனா நான் அட்வைஸ் கேக்கல. நான் வேலை செய்யறது இன்னொருத்தர் ஸ்டுடியோ, ஷிஃப்ட்ல வர்றோம், ராத்திரி ஷிஃப்ட்ல யாரு எத ஏத்தினாங்கன்னு காலைல வர்றவனுக்கு தெரியாது. கேபிள புடுங்கச் சொல்றீங்க, பாதி பிளக்-இன் நெட்டுல லைசன்ஸ் பாத்தாத்தான் திறக்குது.

@நாகர்கோவில் நீங்க சொன்ன பெடல் விஷயம் புரியுது. ஆனா உங்களுக்கு வந்தது ஒரே ஒரு பக் ஃபிக்ஸ். எனக்கு வந்ததுல பக் ஃபிக்ஸோட சேர்த்து ஆடியோ செட்டிங்ஸ் பக்கத்தையே புதுசா மாத்தி அனுப்பியிருந்தாங்க. ரிப்பேரும் புது ஐட்டமும் ஒரே பார்சல்ல வருது, ஒண்ண வேணாம்னா இன்னொண்ணும் கிடைக்காது. அதத்தான் கேக்கறேன்.

யாழ்_ஒலிக்கூடம்

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். 2022 சித்திரை வருசப் பிறப்புக்கு ஒரு பாட்டு செய்து குடுக்க வேணும் எண்டு ஒத்துக்கொண்டிட்டன். அந்த நேரம் இஞ்ச கரண்ட் நிலைமை தெரியும்தானே, மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவங்கள், ஜெனரேட்டர் போடுவம் எண்டா டீசலும் இல்லை. கரண்ட் இருக்கிற நேரத்துக்குள்ள வேலையை முடிக்க வேணும். ப்ரோக்ராமை திறந்தா, புது வெர்ஷன் போட்டாத்தான் லைசன்ஸ் வேலை செய்யும் எண்டு ஒரு பெட்டி வந்து நிக்குது, அதை விலத்திக்கொண்டு போகேலாது. ஃபோன் டேட்டாவில இறக்கத் தொடங்கினன், ஜிபி கணக்கில. இறக்கி முடிஞ்சு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போச்சுது. யூபிஎஸ் கீக் கீக் எண்டு கத்துது, நான் திரையைப் பாக்கிறன், பழசை அழிச்சுக்கொண்டிருக்கிறன் எண்டு எழுதியிருக்கு. புதுசு இன்னும் ஏறேல்லை. அதோட திரை அணைஞ்சிட்டுது.

கரண்ட் திரும்பி வரேக்க என்னட்ட பழசும் இல்லை புதுசும் இல்லை. பாட்டுப் பாட வந்த பிள்ளை மெழுகுதிரி வெளிச்சத்தில வரியைப் பாடமாக்கிக்கொண்டிருந்தவா. கடைசியில என்ர ஃபோனிலதான் அவவின்ர குரலைப் பதிஞ்சு குடுத்தனான்.

மாசத்துக்கு ஒருக்கா விடட்டும், கிழமைக்கு ஒருக்கா விடட்டும், எனக்குப் பிரச்சினை இல்லை. புதுசு முழுசா ஏறி வேலை செய்யிற வரைக்கும் பழசைத் தொடாதேங்கோ எண்டுதான் கேக்கிறன். மாறின துண்டை மட்டும் அனுப்பினாக் காணும், முழுசையும் திருப்பி இறக்க வைக்கிறது டேட்டாவுக்குக் காசு எண்ணிக் குடுக்கிற ஆக்களுக்கு அநியாயம்.

கோவை_பீட்ஸ்

படிக்கவே கஷ்டமா இருக்குதுங்க யாழ் அண்ணா.

எனக்கு இத்தனை பெருசா ஒண்ணும் நடக்கலைங்க. காலேஜ் கல்ச்சுரலுக்கு முந்தின நாள், ஹாஸ்டல்ல நான் பண்ணி வெச்சிருந்த பீட், அப்டேட்டுக்கு அப்புறம் கிக்கும் பேஸும் வேற மாதிரி கேக்குது. ரூம்மேட் ஒண்ணும் மாறலங்கறான். பழைய எம்பி3யையும் புதுசா எடுத்ததையும் மாத்தி மாத்தி போட்டு காட்டினேன், ஒரு லிமிட்டரோட (சத்தம் ஒரு அளவுக்கு மேல போகாம புடிக்கற எஃபெக்ட்) டீஃபால்ட்ட மாத்தியிருக்காங்க, அட்டாக், அதாவது அந்த முதல் அடி, மழுங்கிப் போச்சு. அதுக்குன்னே பண்ண பீட்டுங்க அது.

எல்லாரும் எத்தனை தடவைன்னே பேசறீங்க, காசு எப்படி வாங்கறாங்கங்கறதுதான் அதை முடிவு பண்ணுதுன்னு நான் நினைக்கறேன். எஃப்எல் ஸ்டுடியோ ஒரு தடவை வாங்குனா ஆயுசுக்கும் அப்டேட் ஃப்ரீ. 12லேர்ந்து நேரா 20ன்னு 2018ல தாவினாங்க, இருபது வருஷம் ஆச்சுன்னு, அப்ப கூட பழைய ஆளுங்க கிட்ட ஒரு பைசா வாங்கல. லாஜிக் ப்ரோ எக்ஸ் 2013 ஜூலைல 199.99 டாலருக்கு வந்தது, அத வாங்கினவங்களுக்கு 2024 மே மாசம் வந்த லாஜிக் ப்ரோ 11 கூட சும்மாவே கிடைச்சது. இவங்களுக்கு வருஷா வருஷம் பெரிய நம்பர் காட்டி விக்க வேண்டிய கட்டாயம் இல்ல. காசு வாங்கி அப்கிரேட் விக்கறவங்க பாருங்க, க்யூபேஸ் 12 வந்தது 2022 மார்ச், 13 வந்தது 2023 நவம்பர், 14 வந்தது 2024 நவம்பர். நவம்பர்னா ஆஃபர் சீசன். தேதிய மார்க்கெட்டிங்தான் முடிவு பண்ணுதுன்னு எனக்கு தோணுதுங்க.

வேவ்ஸ்ங்கற பிளக்-இன் கம்பெனி 2023 மார்ச்ல இனிமே சந்தா மட்டும்தான்னு அறிவிச்சப்ப உலகம் பூரா சண்டை போட்டாங்க, சில நாள்லயே பழையபடி விக்கறோம்னு திரும்பினாங்க. அதனால நாம கத்தினா கேப்பாங்க, கத்தணும்.

மதுரை_டேப்

தம்பி கோவை, ஆயுசுக்கும் ஃப்ரீங்கறத ரொம்ப நம்பாதீங்க. கேக்வாக் கம்பெனியோட சோனார்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேருக்கு 2016ல வாழ்நாள் அப்டேட்னு வித்தாங்க, 2017 நவம்பர்ல அதோட ஓனர் கிப்ஸன் கம்பெனி கேக்வாக்கையே நிறுத்தறோம்னு சொல்லிருச்சு. யாரோட வாழ்நாள்ங்கறதுதான் கேள்வி. 2018 பிப்ரவரில பேண்ட்லேப்ங்கற கம்பெனி வாங்கி ஃப்ரீயா விட்டதால தப்பிச்சாங்க.

என்னைய உறுத்தறது வேற. 2011ல ஒரு ஒப்பாரி பாடற அம்மாவ உசிலம்பட்டி பக்கத்துல வீட்டுக்கே போய் ரெக்கார்ட் பண்ணோம். அவங்க இப்ப இல்ல. போன வருஷம் அவங்க பேத்தி வந்து ஆச்சி குரல் வேணும்னு கேட்டுச்சு. புது மெஷின்ல அந்த செஷன திறந்தா இன்சர்ட் (டிராக்ல போட்ட எஃபெக்ட்) எல்லாம் சாம்பல் கலர்ல கிடக்கு, நான் போட்டிருந்த ரிவெர்ப் (எதிரொலி) எஃபெக்ட பண்ண கம்பெனி 64 பிட்டுக்கு அப்டேட்டே விடல, அப்படியே விட்டுட்டு போயிட்டான். ப்ளே பண்ணா வெறும் குரல். ஒரு எஃபெக்டும் இல்ல. மாரடிக்கும்போது வளையல் குலுங்கறது, மூச்ச இழுக்கறது, பின்னால ஒரு கோழி கூவறது, எல்லாம் கேக்குது. அந்தப் புள்ள அழுதுருச்சு, இதத்தான் வேணும்னுச்சு. ஆனா நான் அன்னிக்கு பண்ண மிக்ஸ் போனது போனதுதான், அத எங்கயும் திருப்பி எடுக்க முடியாது.

அதனால வருஷத்துக்கு ரெண்டு போதும்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். அப்டேட் அடிக்கடி வர்றது தொல்லை. வராமலே போறது அத விடப் பெரிய தொல்லை. நிறுத்தப் போறோம்னா கடைசியா ஒரு அப்டேட் விட்டு லைசன்ஸ் பூட்டயாச்சும் கழட்டி விட்டுட்டுப் போகணும், அத யாரும் பண்றதில்ல.

சாலிகிராமம்_மாஸ்டரிங்

@மதுரை ஐயா இதுக்குத்தான் மேல வேவ் எடுத்து வைக்கச் சொன்னேன். எஃபெக்ட் இல்லாம டிரையா ஒண்ணு, எஃபெக்டோட ஒண்ணு, ரெண்டு செட். 32 பிட் பிளக்-இன்ன 64ல ஓட்டறதுக்கு ஜேபிரிட்ஜ்னு ஒண்ணு இருக்கு, விண்டோஸ்ல போட்டுப் பாருங்க, அந்த மிக்ஸ் கிடைச்சாலும் கிடைக்கும். பழைய மெஷின எடைக்குப் போட்டுடாதீங்க.

@யாழ் தம்பி, ஆஃப்லைன் இன்ஸ்டாலர்னு சில கம்பெனி தனியா குடுக்கறாங்க, கரண்ட் இருக்கற ஊர்ல யாரையாவது இறக்கச் சொல்லி பென் டிரைவ்ல வாங்கிக்கோங்க.

மதுரை_டேப்

எடைக்குப் போடல தம்பி, மாடில இருக்கு. ஜேபிரிட்ஜ் பாக்கறேன், நன்றி.

யாழ்_ஒலிக்கூடம்

@சாலிகிராமம் அண்ணை, பென் டிரைவில கொண்டு வந்தாலும் முதல் தரம் திறக்கேக்க ஒன்லைன் போய் எக்கவுண்டில சைன் இன் பண்ணச் சொல்லிக் கேக்குது. நெட் உள்ள வேற மெஷினில ஒரு ஃபைல் எடுத்துக்கொண்டு வந்து இதில போடுற மாதிரி ஒதரைஸ் பண்ண விடுற ப்ரோக்ராம் எது எண்டு ஆருக்கும் தெரிஞ்சா பேரைச் சொல்லுங்கோ, அடுத்ததை அதைப் பாத்துத்தான் வாங்கப் போறன்.