இரண்டு டிசி மைக்ரோகிரிட்டை இணைத்தால் லோடு சமமாகப் பிரிய மாட்டேன் என்கிறது. உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். கல்லூரி லேபில் ஏ, பி என்று இரண்டு 48 வோல்ட் மைக்ரோகிரிட் (தனியாகவே ஓடக்கூடிய சிறிய மின்வலை) வைத்திருக்கிறோம். இரண்டிலும் ஒரே அளவு பேட்டரி, இருதிசையிலும் கரண்ட் செல்லும் 1 கிலோவாட் கன்வர்ட்டர். நடுவில் 30 மீட்டர், 6 ஸ்கொயர் எம்எம் செம்பு கேபிள். ட்ரூப் (கரண்ட் கூடக்கூட கன்வர்ட்டர் தன் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும் அளவு) இரண்டுக்கும் 0.05 ஓம். ஏ பக்கம் 20 ஆம்பியர் லோடு போட்டால் ஏ 15.7 கொடுக்கிறது, பி 4.3தான். லோடே இல்லாதபோதும் பியிலிருந்து ஏவுக்கு 0.8 ஆம்பியர் ஓடுகிறது. ட்ரூப்பை 0.2 ஆக்கினால் 12.7, 7.3 என்று தேறுகிறது. ஆனால் ஏ பஸ் (கன்வர்ட்டரும் லோடும் சேரும் பொது மின்தடம்) 45.5 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
இதில் இரண்டு கோளாறு கலந்திருக்கிறது. அந்தக் கேபிள் கிலோமீட்டருக்கு 3.08 ஓம். போக, வர 60 மீட்டர் என்றால் 0.185 ஓம். பி கன்வர்ட்டருக்கு அது ட்ரூப்போடு சேர்ந்து 0.235 ஆகிவிடுகிறது. கணக்குப்படி 16.5, 3.5 என்றுதான் பிரிய வேண்டும். மிச்சமுள்ள 0.8 ஆம்பியர், லோடு இல்லாதபோது ஓடுகிற அதே கரண்ட். இரண்டு வோல்டேஜ் சென்சாருக்கும் 0.24 வோல்ட் வித்தியாசம் இருந்தால் போதும், அது வந்துவிடும். இரண்டு பஸ்ஸையும் ஒரே மீட்டரால் அளந்து, முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ட்ரூப்பை ஏற்றிக்கொண்டே போவது தீர்வல்ல. ஆளுக்கு 10 ஆம்பியர் வேண்டுமென்றால் பி முனை ஏவைவிட 1.85 வோல்ட் மேலே இருந்தே ஆக வேண்டும். சமப் பங்கும் சம வோல்டேஜும் ஒன்றாகக் கிடைக்காது. ட்ரூப் 0.05 ஆகவே இருக்கட்டும். கேன் பஸ்ஸில் (கன்ட்ரோலர்கள் செய்தி பரிமாறும் கம்பி) இரண்டு கரண்ட் அளவையும் பரிமாறி, வித்தியாசத்தை ஒரு பிஐ கன்ட்ரோலருக்கு (வித்தியாசம் பூஜ்யமாகும் வரை திருத்திக்கொண்டே இருப்பது) கொடுத்து, ஏ ரெஃபரன்ஸை (கன்வர்ட்டருக்குக் கொடுக்கும் இலக்கு வோல்டேஜ்) குறைத்து பியை அதே அளவு ஏற்றுங்கள். இந்தத் திருத்த லூப், கன்வர்ட்டருக்கு உள்ளே இருக்கும் வோல்டேஜ் லூப்பைவிடப் பத்து மடங்காவது மெதுவாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மோதி ஊசலாடும்.

கேட்டவர்:
அருமை சார், சென்சார் பக்கம் யோசிக்கவே இல்லை. கேன் அறுந்தால் கடைசித் திருத்தத்தை அப்படியே பிடித்து வைக்கலாமா?

பதில் 2:
வேண்டாம். அந்த நேரம் லோடு போய்விட்டால் 1.85 வோல்ட் திருத்தம் அப்படியே நிற்கும். பியிலிருந்து ஏவுக்கு 6.5 ஆம்பியர் சும்மா சுற்றும், ஒரு பேட்டரி இன்னொன்றை சார்ஜ் செய்துகொண்டிருக்கும். செய்தி வராவிட்டால் திருத்தத்தைச் சில நொடிகளில் மெல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பங்கு கோணலானாலும் ட்ரூப் மட்டும் வைத்து இரண்டும் ஓடும். அப்புறம், அறுந்ததை இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறதா என்று கேன் கேபிளைக் கழற்றியே சோதியுங்கள். ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு வந்தால் பாதித் திருத்தம் அப்படியே தங்கிவிடும்.