தலைவலி வந்தால் படுக்கத் தோன்றுகிறதா, நடக்கத் தோன்றுகிறதா?

தலைவலியைப் பற்றி நான்கு பேர் தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

எனக்கு இருப்பது சைனஸ் என்றே பதினைந்து வருடம் நம்பியிருந்தேன். வலது புருவத்துக்கு மேல் விண் விண்ணென்று தெறிக்கும், மூக்கு அடைக்கும். நீர் கோத்திருக்கிறது என்று அம்மா நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவார். கொஞ்ச நேரத்தில் வாந்தி வரும். உடனே, "இது பித்தம்" என்பார். ஒரே வலிக்கு வீட்டில் இரண்டு பெயர்.

போன வருடம் பார்த்த நரம்பியல் மருத்துவர் முதலில் கேட்டது, "வலி வந்தா என்ன செய்வீங்க?" என்றுதான். கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, அசையாமல் சுருண்டு படுப்பேன் என்றேன். குக்கர் விசில் மண்டைக்குள் இறங்கும், மாடிப்படி ஏறினால் வலி கூடும் என்றும் சொன்னேன். அது மைக்ரேன், அதாவது ஒற்றைத் தலைவலி என்றார். மூக்கடைப்பும் கண்ணில் நீர் வருவதும் மைக்ரேனிலும் உண்டாம். சைனஸ் தொற்று என்றால் மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிச் சளி வரும், வாசனை தெரியாது, காய்ச்சலும் இருக்கலாம். எனக்கு அது எதுவுமே இருந்ததில்லை. 'ஒற்றைத் தலைவலி' என்ற பெயரும் ஆளை ஏமாற்றுகிறது. இரண்டு பக்கமும் வலித்தாலும் மைக்ரேனாக இருக்கலாம். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை இருக்கும்.

மூன்று மாதம் நோட்டில் தேதி போட்டு எழுதினேன். மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பும், சாப்பாடு தள்ளிப்போன நாட்களிலும் தவறாமல் வந்திருந்தது.

என் கணவருக்கு வருவது வேறு. தலையைச் சுற்றித் துண்டைக் கட்டி இறுக்கியது போல, சாயங்காலத்தில் இரண்டு பக்கமும் அழுத்தும். வாந்தி கிடையாது. வலியோடேயே கடைக் கணக்கை எழுதி முடித்துவிடுவார். அது டென்ஷன் தலைவலி.

* * *

முதலில் பேசிய அக்கா சொன்னதற்கு நேர் எதிர் என் தம்பி. அவனால் படுக்கவே முடியாது. இரவு ஒன்றரை மணிக்கு, அலாரம் வைத்த மாதிரி எழுவான். இடது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சின கம்பியைச் செருகுவது போல இருக்கும் என்பான். அந்தக் கண் மட்டும் சிவந்து நீர் கொட்டும், இமை தொங்கும், அந்தப் பக்க மூக்கும் ஒழுகும். திண்ணைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருப்பான். சுவரில் தலையை மோதியதையும் பார்த்திருக்கிறேன். முக்கால் மணி நேரத்தில் சட்டென்று நின்றுவிடும். ஆறு வாரம் தினமும் இப்படி, அப்புறம் ஒரு வருடத்துக்கு ஒன்றுமே இல்லை. நடுவில் பல்வலி என்று நினைத்து நல்ல கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள்.

அதற்குப் பெயர் கிளஸ்டர் தலைவலி. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 லிட்டர் சுத்த ஆக்சிஜன் கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் அடங்கியது. அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம்.

* * *

மாத்திரையாலேயே தலைவலி வரும் என்று சொன்னால் நானும் நம்பியிருக்க மாட்டேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால் வரும். இரண்டு மூன்று மருந்து சேர்ந்த கலவை மாத்திரைக்கு மாதத்தில் 10 நாளே போதும். எனக்குக் காலையில் கண் விழிக்கும்போதே வலி இருக்கும். மருத்துவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் வாரம் நரகம். இரண்டாவது மாதத்தில், வலி இல்லாத ஒரு காலை வந்தது.

* * *

என் அம்மாவுக்கு 68 வயது. அதுவரை தலைவலி என்று படுத்ததே இல்லை. திடீரென்று தலை வாரும்போது நெற்றிப்பொட்டில் சீப்பு பட்டாலே வலிக்கிறது என்றார். தோசையை மெல்லும்போதுகூடத் தாடை கடுத்தது. வயசானால் அப்படித்தான் என்று நான் ஒரு வாரம் விட்டுவிட்டேன். இப்போது நினைத்தாலும் மனசு பதறுகிறது. பொட்டில் ஓடும் ரத்தக்குழாயில் அழற்சி. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இ.எஸ்.ஆர். மிக அதிகமாக இருந்ததைப் பார்த்ததும், மற்றப் பரிசோதனைகளுக்குக் காத்திராமல் அன்றே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். தாமதித்தால் கண் பார்வை போயிருக்குமாம். ஐம்பது தாண்டியவருக்குப் புதிதாக இப்படி வலி வந்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.