மயக்கம் தெளியும்போது குதிரைக்கு மூச்சடைப்பு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குதிரைகளுக்கு முழு மயக்கம் கொடுத்துப் பழகிய டாக்டர்களிடம் ஒரு உதவி.

குடல் அறுவை சிகிச்சைக்கு வந்த ஒரு பெண் குதிரையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் மல்லாக்கக் கிடத்தியிருந்தோம். அந்தக் கிடையில் மூக்குச் சவ்வில் ரத்தம் தேங்கி வீங்கும் என்பது தெரிந்ததுதான். விழுங்க ஆரம்பித்ததும் மூச்சுக்குழாய் டியூபை எடுத்தோம். உடனே குறட்டை மாதிரி சத்தம். நாசி நன்றாக விரிகிறது, விலா உள்ளே இழுக்கிறது, காற்று மட்டும் போதவில்லை. நம்மைப் போல வாயால் மூச்சுவிட்டுச் சமாளிக்கக் குதிரையால் முடியாதே! மூக்கு வழியாகத் தொண்டை வரை ஒரு டியூபைச் செலுத்திய பிறகுதான் மூச்சு சீரானது.

அடுத்து வரப்போவது, இடது குரல்வளை வாதத்தால் ஓடும்போது மூச்சு இரையும் குதிரை. அதுதான் கவலை. அடைப்போடு பலமாக மூச்சிழுத்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும்.

எழுந்து நிற்கும் வரை மூச்சுக்குழாய் டியூபை விட்டுவைப்பீர்களா? சவ்வு வீக்கத்தைக் குறைக்கும் பினைல்எஃப்ரின் மருந்தை மூக்கில் எந்தக் கட்டத்தில் விடுகிறீர்கள்? தலையைச் சற்று உயர்த்தி வைத்ததில் வித்தியாசம் தெரிந்ததா? அவசரத்துக்குக் கழுத்தில் துளையிடும் செட்டைத் தயாராக வைத்திருப்போம். அப்புறம், வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்றாலும் தயங்காமல் எழுதுங்கள்.